தலை வெளியே வரும்வரை

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் 1:03.9. அப்பா நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். ஒரு கோடு என்றால் நல்ல டைம். இரண்டு கோடு என்றால் வீட்டுக்குப் போவதற்குள் அம்மாவுக்கு போன் போட்டுச் சொல்லியே ஆக வேண்டிய டைம்.

நூறு மீட்டர் ஃப்ரீஸ்டைலை 1:04-க்குள் முடித்தால் பயிற்சி மையத்தில் இடம். அங்கேயே தங்கலாம், படிக்கலாம், தினமும் இரண்டு வேளை நீந்தலாம். பதினெட்டு வயதுக்குள் முடித்தாக வேண்டும். ஏப்ரலில் வரும் தேர்வுப் போட்டிதான் எனக்குக் கடைசி. எங்கள் கிளப்பின் நீச்சல் குளத்தில், காலை ஆறு மணிக்கு, அப்பா மட்டும் கரையில் நிற்கும்போது நான் வாரத்துக்கு இரண்டு முறை 1:04-க்குள் வந்துவிடுகிறேன். போட்டி என்று போனால் 1:06.1, 1:05.9, 1:05.7. காரணம் எல்லோருக்கும் தெரியும். பயம்.

பள்ளி ஆலோசகர், "தினமும் ஏதாவது ஒண்ணுக்கு நன்றி எழுதும்மா, பயம் தானா குறையும்" என்றார். அதற்காகத்தான் இந்த நோட்டு. சரி, எழுதுகிறேன்.

நன்றி: வாழைப்பழத்துக்கு.

பிப்ரவரி 4, புதன்

நன்றி: வாழைப்பழத்துக்கு. (நேற்றையது வேறு பழம்.)

பிப்ரவரி 8, ஞாயிறு

என் பயத்துக்கு இதுவரை நடந்த வைத்தியங்களை எண்ணிப் பார்த்தேன். மூச்சுப் பயிற்சி. கண்ணை மூடிக்கொண்டு ஜெயிப்பதைக் கற்பனை செய்வது. காபிக்குத் தடை - அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ், அவர் தடை போட்டால் போட்டதுதான். ராசியான துண்டு, அது கிழிந்த பிறகு அதன் பாதி. கோச் பங்குக்கு ஒரு வசனம்: "உனக்குக் கையில கால்ல ஒரு குறையும் இல்ல. எல்லாம் மண்டையிலதான்." நாற்பது பேருக்கு ஒரே கோச். தனியாக டைம் எடுக்க அவருக்கு ஏது நேரம்? "அதான் அப்பா எடுக்கிறாரே" என்று விட்டுவிட்டார்.

எல்லாவற்றிலும் பெரிய வைத்தியம் அப்பா தனக்குத்தானே செய்துகொண்டது. தான் பார்ப்பதால்தான் எனக்குப் பதற்றம் வருகிறது என்று யாரோ சொல்லக் கேட்டு, இரண்டு வருடமாகப் போட்டி நடக்கும் இடத்துக்குள்ளேயே வருவதில்லை. பைக் நிறுத்தும் இடத்தில் நிற்பார். என் போட்டி முடிந்து நானே போய்ச் சொன்னால்தான் அவருக்கு விஷயம் தெரியும்.

நன்றி: அவருக்கு. வேறு யாருக்கு எழுத?

பிப்ரவரி 22, ஞாயிறு

கிளப்புகளுக்கு இடையிலான போட்டி. 1:05.8.

வெளியே வந்தபோது அப்பா என் முகத்தைப் பார்த்தார், டைம் கேட்கவில்லை. பையிலிருந்து ரொட்டியை எடுத்துக் கொடுத்து, "பரவாயில்லம்மா, சாப்பிடு" என்றார். வழி முழுக்க ஹெல்மெட்டுக்குள் அழுதேன்.

ஏன் இப்படிப் பண்றே? வியாழக்கிழமை 1:04 வந்துச்சே, அதே கை, அதே கால்தானே? குதிக்கச் சொல்லி விளக்கு மின்னினதும் உள்ள என்ன ஆகுது உனக்கு? பயந்த மாதிரிகூடத் தெரியலையே. நல்லா நீந்தற மாதிரிதான் இருந்துச்சு. அதுகூடத் தெரியாத அளவுக்குப் பயமா? கோழை. கோழை.

இன்று நன்றி கிடையாது.

மார்ச் 1, ஞாயிறு

எங்கள் குளத்தில் சின்னப் பிள்ளைகளுக்கான போட்டி. ஒவ்வொரு கிளப்பும் நேரம் எடுக்க இரண்டு பேரை அனுப்ப வேண்டும். கோச் என்னையும் நெட்டையையும் தள்ளிவிட்டார். நெட்டை நான் நீந்தும் அதே போட்டியில் நீந்துகிறவள், என்னைவிட ஒரு தலை உயரம். தண்ணீரில் எதிரி, பஸ்ஸில் பக்கத்து சீட்.

நேரம் எடுப்பவர்களுக்குத் தலைவி ஒரு அக்கா. மற்ற நாட்களில் கண்ணாடிக் கடையில் வேலை. எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துக் கடகடவென்று சொன்னார்: "ஒரு லேனுக்கு மூணு வாட்ச், நடுவுல வர்ற டைம்தான் கணக்கு. விளக்கு மின்னினதும் அமுக்கணும். பிள்ளைங்க குதிக்கறதைப் பாக்க ஆசையா இருக்கும், பாக்காதீங்க. விளக்கை மட்டும் பாருங்க. உங்க வீட்டுப் பிள்ளை நீந்தற லேன்ல யாரும் நிக்கக் கூடாது."

ஒரு அப்பாவுக்குக் கோபம். "எங்க மேல நம்பிக்கை இல்லையா?"

"உங்க மேல இருக்கு சார். உங்க கட்டைவிரல் மேலதான் இல்ல."

நாங்கள் சிரித்தோம். ஆனால் மூன்றாவது சுற்றில் ஒரு அம்மா, அக்கா பார்க்காத நேரம் தன் பையன் லேனுக்குப் போய் நின்றுவிட்டார். மற்ற இரண்டு வாட்சிலும் 41.2, 41.3. அவர் வாட்சில் 39.6. "நான் சரியாத்தானே அமுக்கினேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பொய் சொல்கிற முகமே இல்லை. பக்கத்து லேனுக்கு மாற்றியதும் அவர் வாட்ச் ஒழுங்காகிவிட்டது.

பதினெட்டு சுற்றில் பதினான்கில் என் வாட்ச்தான் நடுவில் வந்தது. "உனக்கு நல்ல கை" என்றார் கண்ணாடிக் கடை அக்கா. குளத்தருகே நின்றுகொண்டே நான் வாங்கிய முதல் பாராட்டு இது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். என் மனசு முழுக்க அந்த 39.6-லேயே இருந்தது.

மார்ச் 2, திங்கள்

டைவ் அடிப்பதை கோச்சுக்குக் காட்டணும் என்று சொல்லி போனைப் பையில் சாய்த்து வைத்தேன். "நான் மறைக்கிறேனா?" என்று அப்பா நகரப் போனார்.

"இல்லப்பா. அங்கேயே நில்லுங்க."

அப்பா நோட்டில் 1:04.0.

உடை மாற்றும் அறையில், ஈரத்தோடு உட்கார்ந்து வீடியோவைப் பார்த்தேன். விசில் ஊதுகிறார். நான் குதிக்கிறேன். அப்பாவின் கையில் வாட்ச் இருக்கிறது, கட்டைவிரல் பொத்தான் மேல் இருக்கிறது. அமுக்கவில்லை. கழுத்தை நீட்டித் தண்ணீரையே பார்க்கிறார். வாயில் விசில் அப்படியே இருக்கிறது. என் தலை தண்ணீருக்கு மேலே வருகிறது. அதற்கப்புறம்தான் கட்டைவிரல் அமுங்குகிறது.

விசிலிலிருந்து நான் சுவரைத் தொடும் வரை போனில் எண்ணினேன். 1:06.3.

மார்ச் 3, செவ்வாய்

மறுபடி வீடியோ எடுத்தேன். இன்றும் 2.3 விநாடி தாமதம்.

மார்ச் 4, புதன்

2.2. தலை வெளியே வந்தால்தான் அமுக்குகிறார். அவருக்கே தெரியாது.

மார்ச் 5, வியாழன்

2.4.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பயிற்சியில் நான் உண்மையாக நீந்துவது 1:06.2, 1:06.5, 1:06.3. போட்டிகளில் 1:05.9, 1:05.7, 1:05.8. அதாவது போட்டியில்தான் வேகமாக நீந்துகிறேன். ஒரு முறைகூட நான் பயந்ததே இல்லை.

ரெண்டு வருஷம். ரெண்டு வருஷமா இல்லாத ஒரு பயத்துக்கு மூச்சு இழுத்து விட்டுக்கிட்டு, காபி குடிக்காம, கோழை கோழைன்னு என்னை நானே திட்டிக்கிட்டு - எதுக்கு? ஒருத்தர் விரல் சரியா அமுங்காததுக்கு. கை நீட்டினா தொட்டுடலாம்ங்கற மாதிரி தெரிஞ்ச அந்தப் பயிற்சி மையத்து இடம், அது என்னைக்குமே அவ்வளவு கிட்ட இல்ல. நான் 1:04 ஆளே கிடையாது. நான் கோழையும் இல்ல, அவ்வளவு வேகமும் இல்ல. ரெண்டும் ஒரே வாரத்துல தெரிஞ்சா எதுக்குன்னு அழறது?

சாயங்காலம் அப்பாவோடு பேசவில்லை. போட்டி நெருங்குகிறதே, அந்தப் பதற்றம் என்று நினைத்துக்கொண்டார். கதவைத் தட்டி, ஒரு சாக்லேட்டை உள்ளே நீட்டிவிட்டுப் போனார். எனக்கு இன்னும் கோபம் வந்தது. சாக்லேட்டைச் சாப்பிட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

அம்மாவுக்கு இன்று வாரவிடுப்பு. துவைத்த வெள்ளைச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். வீடியோவைக் காட்டினேன். ஒரு முறை பார்த்தார். சிரித்தார். மறுபடி பார்த்தபோது மடித்த சட்டையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உனக்கு ஏழு வயசு இருக்கும்போது நடந்தது ஞாபகம் இருக்கா?"

வீட்டில் எல்லோரும் சொல்லிச் சிரிக்கும் கதைதான். முதன்முதலாக டைவ் அடித்தேன், அப்பா பயந்துபோய் ஷூவோடு குதித்தார், அவருக்கு நீச்சல் தெரியாது. என்னைக் காப்பாற்றப் போனவரைக் காப்பாற்ற இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். நான் அதற்குள் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிரிக்காத பகுதியை அம்மா இன்றுதான் சொன்னார். "நீ உள்ள இருந்தது மூணு விநாடி கூட இருக்காது. ஆனா அதுக்கப்புறம் ஒரு மாசம் அவர் தூக்கத்துல எழுந்து உன் ரூம்ல வந்து பாத்துட்டுப் போவார். இப்போ நீ போட்டியில பின்தங்கினதும் என்கிட்ட என்ன சொன்னார் தெரியுமா? 'அன்னைக்கு நான் குதிச்சுக் கத்தினதுலதான் அவளுக்குப் பயம் ஒட்டிக்கிச்சு. நான்தான் காரணம்.' அதான் வெளியவே நிக்கறார்."

"சொல்லணுமாம்மா?"

"சொல்லு. சொல்லலைன்னா இன்னும் பத்து வருஷம் பைக் ஸ்டாண்டுலயே நிப்பார்." பிறகு சட்டையை உதறி மறுபடி மடித்தார். "நல்லவேளை, அந்த மனுஷனை நான் யாருக்கும் நாடி பிடிச்சுப் பாக்க விட்டதில்ல."

நன்றி: அம்மாவுக்கு. இந்த முறை நிஜமாகவே.

மார்ச் 12, வியாழன்

அப்பாவுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. இன்று ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் இருந்தார். மொட்டை மாடியில் மோட்டார் இருக்கும் சின்ன அறை, எங்கும் கிரீஸ் வாசனை. லிஃப்டைத்தான் கழற்றிப் போட்டிருக்கிறார்களே, அதனால் ஒன்பது மாடியும் படியேறிப் போனேன். "என்னம்மா, வீட்ல எதுவும் பிரச்சனையா?" என்று கையைத் துடைத்துக்கொண்டே எழுந்தார்.

போனைக் கொடுத்தேன். மூன்று முறை பார்த்தார். தான் பழுது பார்க்கும் எந்த லிஃப்டையும் அப்படித்தான் பார்ப்பார்.

"நான் விசில் ஊதினதும் அமுக்கறேன்னுதானேம்மா நினைச்சேன்."

"தெரியும்ப்பா."

"எவ்வளவு?"

"ரெண்டே கால், ரெண்டரை. ஒவ்வொரு தடவையும்."

கவிழ்த்து வைத்திருந்த பெயிண்ட் டப்பாவில் உட்கார்ந்தார். என்ன சொல்லித் தேற்றுவது என்று படியேறும்போதே நாலைந்து வாக்கியம் தயார் செய்துவைத்திருந்தேன். எதுவும் தேவைப்படவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "அப்போ நீ பயந்ததே இல்லையா?"

"இல்லப்பா. ஒரு தடவைகூட."

அவர் முகம் எப்படி மாறியது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. அழுதார், அது மட்டும் தெரியும். கிரீஸ் கையால் துடைத்ததில் மூக்கெல்லாம் கருப்பு.

பிறகு, "கதவு முழுசா மூடிச்சுன்னு சிக்னல் வர்ற வரைக்கும் லிஃப்ட் நகராது. நகரவே கூடாது. அந்த மாதிரி ஆகிப்போச்சு போலிருக்கு என் விரலும்" என்றார். அப்புறம், "ஆனா உன் டைம் போச்சேம்மா" என்றார்.

"போகலைப்பா. அது இருந்ததே இல்ல."

இறங்கும்போது ஒன்பது மாடியும் அப்பா கூடவே வந்தார்.

மார்ச் 15, ஞாயிறு

அப்பா காலையிலிருந்து நோட்டைத் திருத்துகிறார். இரண்டு வருடம், ஒரு வரி விடாமல், ஒவ்வொன்றிலும் 2.3 கூட்டிச் சிவப்பு மையில். 1:03.9 என்று இருந்தது 1:06.2 ஆகிவிட்டது. அடியில் இருந்த இரண்டு கோடுகளை மட்டும் விட்டுவிட்டார்.

"இதை ஏன்ப்பா அடிக்கலை?"

"அன்னைக்கு சந்தோஷப்பட்டது நிஜம்தானே."

மார்ச் 17, செவ்வாய்

ஆலோசகரிடம் போய், எனக்குப் பயமே இல்லையாம் என்று சொன்னேன். சிரித்துவிட்டு, "அப்போ நன்றி எழுதறதை நிறுத்திடலாம்" என்றார். பழகிவிட்டது, இருக்கட்டும்.

நன்றி: காபிக்கு. இரண்டு வருடம் கழித்து.

ஏப்ரல் 12, ஞாயிறு

போட்டிக்குப் போகும் வழியில், "உள்ள வந்து உக்காருங்கப்பா" என்றேன். "வேணாம்மா" என்று ஆரம்பித்தார். நான் ஹெல்மெட்டைக் கழற்றவே மாட்டேன் என்று அடம்பிடித்தேன். வந்தார். மூன்றாவது வரிசையில், பையை மடியில் வைத்துக்கொண்டு, டாக்டரைப் பார்க்க வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

1:04 வராது என்று எனக்குத் தெரியும். ஒரு மாதத்தில் இரண்டு விநாடி குறைக்க யாராலும் முடியாது. கடைசிப் போட்டி, தோற்கப்போவது நிச்சயம், ஆனாலும் மேடையில் ஏறி நின்றபோது இவ்வளவு லேசாக நான் இருந்ததே இல்லை. விளக்கு மின்னியது. குதித்தேன். தண்ணீருக்குள் இருந்த அந்த இரண்டு விநாடியும் அப்பாவையே நினைத்துக்கொண்டிருந்தேன். தலையை வெளியே எடுத்தபோது, இப்போது மூச்சு விட்டிருப்பார் என்று தோன்றியது.

1:05.1. என் வாழ்க்கையிலேயே வேகமாக நீந்தியது இன்றுதான். நெட்டை 1:03.6. அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. கட்டிப்பிடித்துக்கொண்டேன், என் தலை அவள் தோளுக்குக் கீழேயே நின்றது.

அழவில்லை என்று எழுதத்தான் நோட்டைத் திறந்தேன். அழுதேன், ஷவருக்கு அடியில், ரொம்ப நேரம். ஆறு வயதிலிருந்து நான் ஆசைப்பட்டது இனி இல்லை. அதற்கு அழாமல் வேறெதற்கு அழுவது? ஆனால் இந்த முறை என்னை நான் திட்டவில்லை. திட்டுவதற்கு ஒன்றுமே கிடைக்கவில்லை.

வெளியே அப்பா ரொட்டியோடு நின்றார். "டைம் எவ்வளவுன்னு நீ சொல்லாமலே தெரியும். நான் உள்ளதானே இருந்தேன்" என்று பெருமையாகச் சொன்னார். பிறகு, "அழகா நீந்தறேம்மா நீ. எனக்கு இத்தனை நாள் உன் தலைதான் தெரிஞ்சுது" என்றார்.

நன்றி: 1:05.1-க்கு. அது முழுக்க என்னுடையது.

மே 9, சனி

பெரியவர்களுக்கான நீச்சல் வகுப்பில் உதவி செய்யச் சொல்லி கோச் கூப்பிட்டார். ஒரு டாக்சி டிரைவர், இரண்டு டீச்சர்கள், ஒரு தபால்காரர், ஒரு தையல்கார அக்கா. எல்லோருக்கும் நிஜமான பயம். பிடித்த கம்பியை விட மாட்டேன் என்கிறார்கள். என் கையிலிருந்த வைத்தியங்களை எல்லாம் அவர்களுக்குச் செய்து பார்த்தேன் - மூச்சு, கற்பனை, நன்றி. ஒன்றும் பலிக்கவில்லை. "கண்ணை மூடிக் கற்பனை பண்ணா இன்னும் ஆழமா தெரியுதும்மா" என்கிறார் டாக்சி டிரைவர்.

பலித்தது ஒன்றுதான். அவர்கள் முகத்தைத் தண்ணீரில் வைத்து எடுக்கும்போது சரியாக எதிரில் நான் நிற்க வேண்டும். கண்ணைத் திறந்ததும் ஒரு ஆள் முகம் தெரிய வேண்டும். அவ்வளவுதான். தையல்கார அக்கா இன்று மூன்று முறை முழுகி எழுந்து, மூன்று முறையும் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இதை யாரிடம் கற்றேன் என்று யோசித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

ஜூன் 13, சனி

இன்று வகுப்புக்கு ஒரு புது ஆள். கோச்சிடம் கடன் வாங்கிய அரைக்கால் சட்டை, கையில் துண்டு, முகத்தில் கலவரம். "வாத்தியாரம்மா, எனக்கும் இடம் இருக்கா?" என்று கேட்டார். அம்மா பெஞ்சில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

ஒரு மணி நேரம் முழுக்க முட்டி அளவுத் தண்ணீரில் நின்றார் அப்பா. ஷூ போட்டிருந்தபோது இருந்த தைரியம் இப்போது இல்லையாம்.

ஜூன் 27, சனி

முகத்தை வைத்தார். எடுத்தார். நான் இருந்தேன்.

ஜூலை 19, ஞாயிறு

அப்பா இன்று குளத்தின் அகலத்தைக் கடந்தார். பன்னிரண்டரை மீட்டர்.

டைம் எடுத்தே ஆக வேண்டும் என்று அவர்தான் பிடிவாதம் பிடித்தார். புது நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் தேதியெல்லாம் போட்டு வைத்திருந்தார். தன் ஸ்டாப்வாட்சை என் கழுத்தில் மாட்டினார். "நீதான் அதுல கெட்டிக்காரி" என்றார். உண்மைதான். நேரம் எடுப்பவர்களுக்கான தேர்வு போன மாதம் நடந்தது. அதில் முதலில் தேறியவள் நான். கண்ணாடிக் கடை அக்கா எல்லோரிடமும் என் கையைப் பற்றித்தான் பேசுகிறார்.

விசில் ஊதினேன். அப்பா சுவரை உதைத்து, முகத்தைத் தண்ணீரில் வைத்து, அப்படியே உள்ளே போனார். தண்ணீர் மூடிக்கொண்டது. ஒன்று. இரண்டு. அப்புறம் நரைத்த தலை வெளியே வந்தது. தண்ணீரோடு சண்டைக்குப் போனவர் மாதிரி அடித்து அடித்து, நடுவில் ஒரு முறை நின்றுவிடுவார் போலத் தோன்றி, நிற்காமல் போய் அந்தப் பக்கத்துச் சுவரைத் தொட்டார். அம்மா பெஞ்சில் ஏறி நின்று கை தட்டினார். நான் கரையோரமாகவே ஓடிப் போய்ச் சேர்ந்திருந்தேன், ஓடியதே எனக்கு ஞாபகம் இல்லை.

சுவரைக் கட்டிப் பிடித்தபடி, மூச்சு வாங்க, "எவ்வளவு?" என்றார்.

வாட்சைப் பார்த்தேன். எல்லாம் பூஜ்யம். ஆரம்பத்தில் அமுக்கவில்லை, தலை வந்த பிறகும் அமுக்கவில்லை, கடைசி வரைக்கும் அமுக்கவே இல்லை.

குனிந்து அவரிடம் காட்டினேன். கண்ணில் வழிந்த தண்ணீரைத் துடைத்துவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"எழுது" என்றார்.

"பூஜ்யம்னா எழுதறது?"

"ஆமா. அடியில ரெண்டு கோடு போடு."

போட்டேன்.